வீடியோ கேம் கன்சோலுக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் யார்?

பழைய கேசட்: சோனியைப் பாருங்கள். 1994ல் பிளேஸ்டேஷன், அப்புறம் 2, 3, 4, 5. எது புதுசு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மைக்ரோசாஃப்ட்? எக்ஸ்பாக்ஸ், 360, ஒன், ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ். மூன்றாவதாகப் பிறந்ததற்குப் பெயர் 'ஒன்'!

மூன்றாம் பொத்தான்: 360க்குக் காரணமே சோனியின் எண்தானே. 2005ல் 'எக்ஸ்பாக்ஸ் 2' என்று விட்டிருந்தால், பிளேஸ்டேஷன் 3க்குப் பக்கத்தில் ஒரு படி கீழே நிற்கிற மாதிரி இருந்திருக்கும். பிந்தி வந்தவன் எண் போட்டியில் ஜெயிக்கவே முடியாது. அந்த 360 8 கோடிக்கு மேல் விற்றது.

பழைய கேசட்: 360 சரி, விடுங்கள். 2020 செப்டம்பரில் சீரிஸ் எக்ஸ் முன்பதிவு தொடங்கிய அன்று அமேசான் விற்பனைப் பட்டியலில் விறுவிறுவென்று ஏறியது எது தெரியுமா? 2017ல் வந்த ஒன் எக்ஸ்! பெயரில் குழம்பிப்போனவர்களைத் தவிர வேறு யார் அன்றைக்குப் பார்த்து அதை வாங்கியிருப்பார்கள்?

சும்மா வந்தவன்: நிண்டெண்டோவின் வீ யூவை மறந்துவிட்டீர்களே. அதற்கு முந்தைய கன்சோல் வீ 10 கோடி விற்றது. 2012ல் வந்த வீ யூ 1.36 கோடியோடு சரி. 2011 அறிமுகத்தில் திரை வைத்த கன்ட்ரோலரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பழைய வீயில் மாட்டுகிற உபரிச் சாமான் என்றே பலர் நினைத்துவிட்டார்கள். அப்படியொரு குழப்பம் இருப்பதைத் நிண்டெண்டோ தலைவர் இவாட்டாவே 2013ல் முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் பொத்தான்: பெயர்மேல் பழி போடுவது சுலபம். வீ யூவுக்குப் போதுமான கேம் வரவில்லை, வெளி நிறுவனங்களும் கைகழுவிவிட்டன. 2006ல் 'வீ' என்றதும் எவ்வளவு கேலி! ஆங்கிலம் பேசும் வீடுகளில் குழந்தைகள் ஒன்றுக்குப் போவதற்குச் சொல்கிற வார்த்தை அது. ஆனாலும் விற்றதே. அதற்கு முன்னால் நிண்டெண்டோ கேம்கியூப் என்று பளிச்சென்ற பெயர் வைத்த கன்சோல் 2.2 கோடியைக்கூடத் தொடவில்லை.

சும்மா வந்தவன்: கேலிக்கு ஆளாகிற பெயர் வேறு, குழப்புகிற பெயர் வேறு சகோ. 'வீ' ஒற்றைப் பிள்ளையாக இருந்தவரை யாரும் குழம்பவில்லை. தம்பி பிறந்த பிறகுதான் வம்பு. கடைசியில் நிண்டெண்டோவே 2025ல் பேசாமல் 'ஸ்விட்ச் 2' என்று எண்ணைப் போட்டுவிட்டதே.

பழைய கேசட்: அதே நிண்டெண்டோதான் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலின் புது வகையை 2014ல் 'நியூ 3டிஎஸ்' என்று விட்டது. அதில் மட்டுமே ஓடுகிற கேம்களும் வந்தன. இப்போது ஒருவர் கடைக்குப் போனால் 'புதுசாக ஒரு பழைய 3டிஎஸ் வேண்டுமா, பழசாக ஒரு நியூ 3டிஎஸ் வேண்டுமா' என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாம் பொத்தான்: சரி, அது ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.