அமெரிக்க டர்ன்டேபிள்: ஸ்ட்ரோப் கோடு அசையவில்லை, ஆனால் சுருதி இறங்கி நிற்கிறது. உதவி தேவை

அரசலாற்றுக்கரை:

வணக்கம். மூன்று வாரமாக மண்டையைக் குடைந்துவிட்டு இங்கே வருகிறேன்.

நான் திருவிடைமருதூர் பக்கம். ஜாஸ் கேட்கும் கிறுக்கு கல்லூரி நாளில் பிடித்தது, இன்னும் விடவில்லை. நியூஜெர்சியில் இருந்த சித்தப்பா வீட்டைக் காலி செய்தபோது தன் பழைய டர்ன்டேபிளையும் (இசைத்தட்டைச் சுழற்றும் பெட்டி) நாற்பது சொச்சம் எல்பி தட்டுகளையும் எனக்கு அனுப்பிவைத்தார். எழுபதுகளின் செட், பெல்ட்டில் ஓடுவது. 110 வோல்ட் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினேன்.

ஓடுகிறது. ஆனால் எதைப் போட்டாலும் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல இருக்கிறது. ஷக்தி என்ற இந்திய-ஜாஸ் கலப்புக் குழுவின் முதல் தட்டில் விக்கு விநாயக்ராமின் கடம் அண்டாவைத் தட்டுவது போல் கேட்கிறது. ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' முதல் பக்கம், முதல் உருப்படி 'ஸோ வாட்'. போனில் ஒன்பதே கால் நிமிடம் சொச்சம். தட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பதினொன்றைத் தாண்டுகிறது.

எங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அன்று மாலை திண்ணையில் வந்து உட்கார்ந்தவர், "கரகரப்பிரியா மாதிரி போவுதே, யாரு தம்பி இது?" என்றார். போனில் அதையே போட்டு, தம்புரா செயலியை 2 கட்டை சுருதியில் வைத்தேன், அழகாகச் சேர்ந்தது. தட்டுக்கு வைத்தால் ஒட்டவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இது ரெண்டு இல்ல. கீழ ஏழுல நிக்குது. ஏழுக்கும் ஒரு நூல் மேல" என்றார்.

பெல்ட் புதிதாக மாற்றிவிட்டேன். முள் புதிது. மோட்டாருக்கு எண்ணெய் விட்டாயிற்று. குழப்பம் என்னவென்றால், பெட்டிக்குள் சித்தப்பா வைத்திருந்த ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் சரியா என்று பார்க்க உதவும் கோடு போட்ட அட்டை) தட்டின் இடத்தில் போட்டு, கூடத்துக் குழல்விளக்கின் கீழ் பார்த்தால் 33 சுற்று வேகத்துக்கான கோடுகள் ஆணி அடித்தது போல் நிற்கின்றன. அப்படியானால் வேகம் சரிதானே? பிறகு சுருதி ஏன் இறங்குகிறது?

திருவாரூர்த் தேர்:

வோல்டேஜ்தான் சார். எங்கள் பக்கம் பம்ப் செட் ஓடுகிற நேரத்தில் மின்விசிறியே நொண்டும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போட்டுப் பாருங்கள்.

அரசலாற்றுக்கரை:

அதையும் பார்த்துவிட்டேன் சார். ராத்திரி பதினொரு மணிக்கு வோல்டேஜ் திமுதிமுவென்று இருக்கும்போதும் இதே கதைதான். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இம்மியும் மாற்றம் இல்லை.

ஊசிமுனை:

வோல்டேஜ் இல்லை. தம்பி, அந்த அட்டையில் 33க்கான வளையத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்று பொறுமையாக எண்ணிச் சொல்லுங்கள். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு தொடங்குங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

அரசலாற்றுக்கரை:

இரண்டு முறை எண்ணினேன் அண்ணே. 216.

ஊசிமுனை:

நினைத்தேன். உங்கள் அட்டை அமெரிக்க அட்டை. அதுவும் உங்கள் மோட்டாரும் சேர்ந்துகொண்டு ஒரே பொய்யைச் சொல்கின்றன.

டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், மின்சாரத்தின் அலைவெண்ணைத் தொடாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அந்தக் காலத்துப் பெல்ட் செட்டுகள் பலவற்றில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார், அலைவெண் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சுற்றும். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது கவலைப்படாது, இன்வெர்ட்டரும் 50 ஹெர்ட்ஸ்தான் தருகிறது. ஆக, ஆறில் ஐந்து பங்கு வேகம். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுகிறது.

இப்போது அட்டைக்கு வருவோம். நம் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது, நிமிடத்துக்கு 6000. அதை 216ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 27.8. அதனால்தான் கோடு நிற்கிறது. அமெரிக்காவில் விளக்கு நிமிடத்துக்கு 7200 முறை மினுங்கும், அங்கே 33⅓இல் நிற்கும். நமக்கு 180 கோடு உள்ள அட்டை வேண்டும். வாங்கினால் சோக் போட்ட பழைய குழல்விளக்கிலேயே பாருங்கள், எல்இடியை நம்பாதீர்கள்.

உங்கள் பெரியப்பாவின் காதுக்கு ஒரு கும்பிடு. வேகம் ஆறில் ஐந்தானால் சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கும், கொஞ்சம் கூடவே. இரண்டிலிருந்து ஒன்றரை, ஒன்று, அப்புறம் கீழ் ஏழு. ஆனால் அந்தக் 'கூட'வால் ஏழுக்கு ஒரு நூல் கீழே அல்லவா இருக்க வேண்டும்? அவர் மேலே என்கிறார். அது மட்டும் எனக்கு இடிக்கிறது.

மன்னார்குடி மதில்:

ஊசிமுனை அண்ணன் சொன்னதுதான். தீர்வு இரண்டு: 60 ஹெர்ட்ஸ் தரும் கருவி ஒன்றை வாங்குவது, அல்லது மோட்டார் புல்லியை (பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரம்) பெரிதாக்குவது. என் ஓட்டு புல்லிக்கு. ஐரோப்பாவுக்கு அனுப்பிய செட்டுகளில் அவர்களே 50 ஹெர்ட்ஸ் புல்லி போட்டிருப்பார்கள், உங்கள் மாடலுக்குத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கவலை ஏன், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு! நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக்குக் கடைசல் பிடிக்கும் பட்டறைக்குப் போங்கள். பித்தளையை அவர்களைவிட யார் சுத்தமாகக் கடைவார்கள்?

விட்டத்தை மட்டும் 1.2ஆல் பெருக்கிவிடாதீர்கள். பெல்ட்டின் கனமும் கணக்கில் சேரும். புல்லி விட்டத்தோடு பெல்ட் கனத்தைக் கூட்டி, 1.2ஆல் பெருக்கி, அப்புறம் பெல்ட் கனத்தைக் கழியுங்கள். 45 சுற்று வேகத்துக்காகப் புல்லியில் இருக்கும் இன்னொரு படிக்கும் இதே கணக்கு. புல்லியின் நடு கொஞ்சம் உப்பலாக இருக்கும், அது தேய்மானம் இல்லை, பெல்ட் நடுவிலேயே நிற்பதற்காக. அந்த உப்பலையும் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் மின்சாரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

நாகை லைட்ஹவுஸ்:

இழைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. தாத்தாவின் 78 சுற்று வேகத் தட்டுகள், பெரும்பாலும் நாகஸ்வரம், ஐப்பசி மழையில் பூஞ்சணம் பூத்துவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

ஊசிமுனை:

ஐயோ, வேண்டாம். அவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், பாட்டும் சேர்ந்து போய்விடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய துணி, கோடு போகிற திசையில் துடைப்பு, நடுவில் இருக்கும் காகிதத்தில் ஈரம் படக் கூடாது. நிழலில் நிறுத்திவைத்து உலர்த்துங்கள். அப்புறம் எல்பி முள்ளை அதில் வைக்காதீர்கள். 78இன் பள்ளம் அகலம், அதற்கு மூன்று மடங்கு தடித்த முள் வேண்டும்.

அரசலாற்றுக்கரை:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பழைய புல்லி 10.6 மில்லிமீட்டர், பெல்ட் 0.6. கணக்குப்படி 12.84. நாச்சியார்கோவிலில் முதலில் போன பட்டறையில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதில் ஒரு பெரியவர் பழைய புல்லியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

முதலில் கடைந்து தந்தது வேகம் சரி, ஆனால் பியானோ நீண்டு ஒலிக்கும் இடங்களில் சுரம் ஊஞ்சல் ஆடியது. துளை நட்டநடுவில் விழவில்லை. திரும்பக் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல், துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடியில், துண்டைக் கழற்றாமல் கடைந்து தந்தார். ஊஞ்சல் நின்றது. 180 கோடு அட்டையிலும் கோடு நிற்கிறது. மோட்டாரில் தாராளமாகக் கை வைக்க முடிகிறது. கடம் கடமாகக் கேட்கிறது!

ஆனால் ஒரு சின்ன உறுத்தல். 'கைண்ட் ஆஃப் புளூ' முதல் பக்கம் போனைவிட இப்போது ஒரு நூல் தூக்கலாக இருக்கிறது. இரண்டாம் பக்கம் அச்சாகப் பொருந்துகிறது. ஒரே தட்டு, ஒரே புல்லி. இன்னும் ஒரு மயிரிழை கடைந்து எடுக்கச் சொல்லவா?

ஊசிமுனை:

புல்லியைத் தொடாதீர்கள்! எனக்கு இடித்தது இதுதானா!

அந்த முதல் பக்கம் மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2இல் பதிவானவை. அன்று டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். அந்த ஏற்றத்தோடேயே தட்டு வெட்டிவிட்டார்கள். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவானது, அதில் இந்தக் கோளாறு இல்லை. 1992இல்தான் வேகத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். உங்கள் போனில் இருப்பது திருத்தியது, சித்தப்பாவின் தட்டு அதற்கு முந்தியது. முப்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்காக்காரர்கள் அந்தத் தூக்கலோடுதான் கேட்டார்கள். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் வாத்தியத்தைக் கொஞ்சம் ஏற்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அரசலாற்றுக்கரை:

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே, ஏழுக்கு ஒரு நூல் மேலன்னு" என்றார். அப்புறம் மறுபக்கத்தைப் போடச் சொல்லிவிட்டு, நாகஸ்வரச் சீவாளிப் பெட்டியை எடுத்து வர வீட்டுக்குள் போனார்.