ஆர்பிஜி புத்தகங்களுக்குக் கடை அலமாரியில் இனி இடம் உண்டா?

தாயக்கட்டை:
ஒஹாயோவில் நான் வழக்கமாகப் போகும் கேம் கடையில் டேபிள்டாப் ஆர்பிஜிக்கு, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ஆட்டங்களுக்கு, மூன்று அலமாரி இருந்தது. இப்போது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் மேஜிக், போக்கிமான் சீட்டுப் பாக்கெட்டுகள். கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் வாடகை கட்டணும்.

என் கருத்தை நேரடியாகவே சொல்கிறேன். ஆர்பிஜி புத்தகத்தைக் கடையில் அடுக்கி விற்கும் காலம் முடிந்துவிட்டது. 2021-இல் அவதார் கார்ட்டூன் தொடரை வைத்து எழுதிய அவதார் லெஜண்ட்ஸ் என்ற ஆர்பிஜி, ரசிகர்கள் முன்பணம் கட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஏறத்தாழ 95 லட்சம் டாலர் திரட்டியது. ஒரு பிரதிகூடக் கடைக்கு வருவதற்கு முன்பே வந்த பணம் அது. பதிப்பாளர்கள் இப்படியே நேரடியாக விற்கட்டும். கடைகள் மேசையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடட்டும். இரண்டு பேருக்கும் நல்லது.

கல்லா_சேகர்:
தம்பி, டெக்சஸில் ஒரு கேம் கடையில் ஆர்டர் போடுவது என் வேலை. நீங்கள் சொல்லும் நோய் உண்மை. மருந்துதான் சரியில்லை.

ஒரு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் புத்தகம் வாங்குவது பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் ஒருவர்தான். மற்ற நாலு பேர் பகடை வாங்குவார்கள், அவ்வளவுதான். மேஜிக் ஆடுகிறவர்களில் ஒவ்வொருவரும் பாக்கெட் வாங்குவார், சில மாதத்தில் புதுச் சீட்டு செட் வந்தால் மறுபடியும் வாங்குவார். ஆர்பிஜியில் பெரிய பெயரான டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் விதிப் புத்தகம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை 2014-இல் வாங்கியவர் 2024-இல் புதியது வரும்வரை அதையே வைத்து ஆடலாம். ஆடுகிறவருக்கு அது பெரிய வரம். எனக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு விற்பனை.

50 டாலர் புத்தகத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கொடுக்கும் கழிவு 45 முதல் 50 சதவீதம். நான் 26, 27 டாலர் போட்டு எடுத்து வைக்கிறேன். அமேசானில் அதே புத்தகம் சில வாரம் 30 சொச்சத்துக்குக் கிடைக்கும். அலமாரி முன்னால் நின்று பத்து நிமிஷம் புரட்டுவார்கள், ஓவியங்களை ரசிப்பார்கள், ஃபோனை எடுத்து விலை பார்ப்பார்கள், பிறகு புத்தகம் திரும்ப அலமாரிக்கே போகும். விற்காததைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஹாபி டிஸ்ட்ரிபியூட்டரிடம் எடுத்தது எடுத்ததுதான்.

மேசை வாடகைக்கு வருகிறேன். ஆளுக்கு 5 டாலர், ஆறு பேர் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 30 டாலர். வெள்ளிக்கிழமை இரவு அதே மேசையில் மேஜிக் டிராஃப்ட் (அங்கேயே புதுப் பாக்கெட் வாங்கிப் பிரித்து ஆடும் போட்டி) நடத்தினால் பாக்கெட் விற்பனையே அதைத் தாண்டிவிடும். வாடகையை மட்டும் நம்பினால் கடை முதலாளி ஆர்பிஜியை மேசையிலிருந்தும் எடுத்துவிடுவார்.

மீனாட்சி_ஜிஎம்:
தாயக்கட்டை, கிக்ஸ்டார்ட்டரில் பணம் கட்டுகிறவர் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர், இல்லையென்றால் அந்தத் தொடரின் ரசிகர். ஆர்பிஜி என்றால் என்னவென்றே தெரியாதவர் அங்கே எப்படி வருவார்?

நான் புதன்கிழமைகளில் ஒரு கடையில் புதியவர்களுக்கு ஆட்டம் நடத்துகிறேன். 2014-இல் 20 டாலருக்கு வந்த டி அண்ட் டி ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பி வைப்பேன். 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கச் சாகசம், எல்லாம் நிரப்பித் தயாராக இருக்கும் ஐந்து பாத்திரத் தாள்கள், ஆறு பகடை. சீட்டு வாங்க மகனோடு வந்த ஒரு அம்மா வீரன் ஒருவனின் தாளை எடுத்து, "இதில் என்ன செய்யணும்?" என்று கேட்டார். கால் மணி நேரத்தில் அவருடைய வீரன் கோப்ளின் என்ற குட்டி அரக்கனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். பையன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது ஒரு பெட்டி வாங்கினார்கள். மேசைக்குப் பக்கத்திலேயே அலமாரி இருந்ததால்தான் அது நடந்தது. இரண்டையும் பிரிக்காதீர்கள்.

தாயக்கட்டை:
மீனாட்சி, அது நல்ல மாலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரிப் பெட்டி பெரிய சூப்பர் ஸ்டோர்களிலும் கிடைக்கிறது. பதிப்பாளரே கடையைத் தாண்டிப் போவதைத்தான் நான் சொல்கிறேன். 2022-இல் டி அண்ட் டி பதிப்பாளர் விசார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ, அந்த ஆட்டத்துக்கான டிஜிட்டல் தளமான டி அண்ட் டி பியாண்டை 14 கோடியே 63 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அதே வருஷம் அச்சுப் புத்தகமும் டிஜிட்டல் பதிப்பும் சேர்ந்த பொதியைத் தன் தளத்தில் நேரடியாக விற்க ஆரம்பித்தது. உங்கள் கடையில் முழு விலை கொடுத்து வாங்குகிறவர் டிஜிட்டலுக்குத் தனியாகக் காசு கட்டணும். கடையை மதிக்கிற வாடிக்கையாளருக்கே இப்படித் தண்டனை என்றால் அலமாரி எத்தனை நாள் தாங்கும்?

கல்லா_சேகர்:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் அதே விசார்ட்ஸ் 2024 ஹேண்ட்புக்கை அமெரிக்கக் கேம் கடைகளுக்கு செப்டம்பர் 3-ஆம் தேதியே கொடுத்தது. மற்ற இடங்களுக்கு 17-ஆம் தேதி. அந்த இரண்டு வாரமும் விலை பார்க்க யாரும் ஃபோனை எடுக்கவில்லை, முழு விலைக்கு விற்றோம். பிட்ஸ் அண்ட் மார்ட்டர் திட்டத்தில் சேர்ந்த பதிப்பாளர்கள், கடையில் புத்தகம் வாங்கியவருக்கு பிடிஎஃப்பை இலவசமாகவே தருகிறார்கள். பதிப்பாளர் மனது வைத்தால் கடை நிற்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: விற்காததைத் திருப்பும் உரிமை. புத்தகக் கடைகளுக்கு அது இருக்கிறது. கேம் கடைக்கு மட்டும் ஏன் கிடையாது?

காகிதப்புலி:
சேகர் சார், நான் சிறிய அளவில் ஆர்பிஜி எழுதி அச்சிடுகிறேன். அந்த உரிமையைக் கொடுத்த டிஎஸ்ஆர் என்ன ஆனது என்று பாருங்கள். 1974-இல் டி அண்ட் டியை வெளியிட்ட நிறுவனம். 1996-இல் ரேண்டம் ஹவுஸ் வழியாகப் புத்தகக் கடைகளுக்குப் போன சரக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. அச்சகத்துக்குப் பணம் கட்ட முடியவில்லை. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கிவிட்டது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் திரும்பி வந்த சரக்கு பெரிய அடி.

என் கணக்கு இது. 30 டாலர் புத்தகத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 சதவீதக் கழிவில் கொடுத்தால் கைக்கு வருவது 12. அச்சுக்கு 6 போகும், பிறகு ஓவியருக்கு, கப்பலுக்கு. நேரடியாக விற்றால் 30-உம் எனக்கு. டிஸ்ட்ரிபியூட்டரையும் நம்ப முடியவில்லை. 2025 ஜனவரியில் டயமண்ட் என்ற பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் திவால் மனு கொடுத்தது. கேம் கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் அலையன்ஸ் அப்போது அதன் கிளை. டயமண்ட் கிடங்கில் விற்றபின் பணம் என்ற கணக்கில் வைத்திருந்த சரக்கு யாருடையது என்று பதிப்பாளர்கள் கோர்ட்டில் நிற்கவேண்டி வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் சீனப் பொருள்களுக்கு அமெரிக்க இறக்குமதி வரி 145 சதவீதம்வரை ஏறியது. புத்தகத்துக்கு விலக்கு இருந்தது. கூடவே பகடையும் டோக்கனும் போட்டுப் பெட்டியாக விற்கலாம் என்றிருந்தேன், அந்த யோசனையையே கைவிட்டேன்.

கிக்ஸ்டார்ட்டரில் கடைகளுக்கென்று தனிக் கட்டு வைக்கிறேன். அதில் எடுங்கள்.

கல்லா_சேகர்:
எடுத்துப் பார்த்தாயிற்று. பணம் இன்று கட்டணும், சரக்கு வர ஒரு வருஷம். வரும்போது என் ஊரில் வாங்கக்கூடிய ஆளெல்லாம் நேரடியாக வாங்கி முடித்திருப்பார்.

2000-இல், டி அண்ட் டி விதிகளை வைத்து யாரும் புத்தகம் போடலாம் என்ற ஓபன் கேம் லைசென்ஸ் வந்தபின், அந்த விதிகளோடு பொருந்தும் என்று காட்டும் டி20 முத்திரையோடு வந்த புத்தகங்களைக் கடைகள் வாங்கிக் குவித்தன. 2003-இல் டி அண்ட் டியின் 3.5 பதிப்பு வந்ததும் அதெல்லாம் கால் விலைக் கூடைக்குப் போனது. அந்த நஷ்டத்தைச் சுமந்தது கடைகள்தான். அதனால்தான் தெரியாத பெயர் என்றால் கடைக்காரர் இன்றும் யோசிக்கிறார்.

மீனாட்சி_ஜிஎம்:
சேகர் அண்ணா, நாற்பது தலைப்பு முதுகைக் காட்டி நிற்பதைவிட, அந்த மாதம் மேசையில் ஆடும் நாலு ஆட்டத்தை முகப்பு தெரிய வையுங்கள். காகிதப்புலியின் ஆட்டத்தை நான் ஒரு மாதம் நடத்தத் தயார். ஆடிப் பார்த்தவர் வாங்குவார்.

தாயக்கட்டை:
அப்படியானால் அது மேசைக்கான அலமாரி. நான் முடிந்தது என்று சொன்னது கிடங்கு மாதிரி அடுக்கிய அலமாரியை. அந்தக் கருத்து மாறவில்லை.

கல்லா_சேகர்:
பெயர் எதுவாகவும் இருக்கட்டும். காகிதப்புலி, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் ஐந்து பிரதி நேராக அனுப்புங்கள். 45 சதவீதக் கழிவு, வாங்குகிறவருக்கு பிடிஎஃப், ஆறு மாதத்தில் விற்காததை உங்களுடைய வேறு தலைப்புக்கு மாற்றிக்கொள்கிறேன். பணம் திருப்பிக் கேட்க மாட்டேன்.

காகிதப்புலி:
மாற்றிக்கொள்வதற்குச் சம்மதம், பிடிஎஃப்புக்கும் சம்மதம். கழிவு 40. 45 வேண்டுமென்றால் தபால் செலவு உங்களுடையது.