அமெரிக்க ராணுவத்தில் போட்டோகிராபர் ஆக என்ன வழி?

கேள்வி:

வணக்கம். வயது 19, டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், கையில் கிரீன் கார்டு. ராணுவத்தில் போட்டோகிராபராகவே சேர வேண்டும் என்பது ஆசை. ஆள் எடுப்பவரிடம் கேட்டால், "முதலில் சேருங்கள், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எந்தப் படையில் இந்த வேலை நேரடியாகக் கிடைக்கும்? சேரும் முன் எதைக் கற்றுக்கொள்வது? தினசரி வேலை உண்மையில் எப்படி இருக்கும்? வீட்டில் அப்பா அம்மாவிடமும் காட்ட வேண்டும். விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:

தம்பி, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. ஒப்பந்தத்தோடு இணைக்கும் தாளில் என்ன அச்சாகி இருக்கிறதோ அதுதான் கணக்கு. தரைப்படை என்றால் 46எஸ், கடற்படை என்றால் எம்சி (மாஸ் கம்யூனிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்), விமானப்படை என்றால் 3என்0எக்ஸ்6 என்று வேலைக் குறியீடே அந்தத் தாளில் இருக்க வேண்டும். மரீன் படையில் 4541 என்ற குறியீடு உண்டு. ஆனால் அங்கே பொதுவாக ஒரு வேலைத் தொகுதிக்குத்தான் உத்தரவாதம் தருவார்கள், அந்தத் தொகுதிக்குள் எந்த வேலை என்பது பிறகுதான் தெரியும். படம் மட்டுமே குறி என்றால் இந்த வித்தியாசம் பெரியது.

இன்னொன்று. வெறும் போட்டோகிராபர் என்ற வேலை அநேகமாக இல்லாமலே போய்விட்டது. கடற்படையில் 2006இல் போட்டோகிராபர், பத்திரிகையாளர், அச்சுத் தொழிலாளி, வரைகலைஞர் என்ற நான்கு பிரிவுகளையும் சேர்த்து எம்சி என்று ஒன்றாக்கினார்கள். படம், வீடியோ, செய்தி மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். மற்ற படைகளும் அந்தப் பக்கம்தான் போகின்றன.

படையில் சேர எழுதும் ஆஸ்வாப் தேர்வில் பலரும் கணக்கை மட்டும் படித்துவிட்டு மொழிப் பகுதியில் கோட்டை விடுகிறார்கள். தரைப்படையின் ஜிடி மதிப்பெண் என்பது சொல்லறிவு, பத்தி வாசிப்பு, சொற்கணக்கு மூன்றிலிருந்தும் வருவது. எழுதும் வேலை என்பதால் இதற்கு அந்த மதிப்பெண் முக்கியம். மருத்துவப் பரிசோதனையில் நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு. அதில் குறை இருந்தால் பட வேலை பெரும்பாலும் கைநழுவும், அதனால் இப்போதே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

கிரீன் கார்டோடு படையில் சேரலாம். ரகசிய அனுமதி தேவைப்படும் இடங்கள் மட்டும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். சேர்ந்த பிறகு என்-426 படிவத்தில் படை அதிகாரியின் சான்று வாங்கி, என்-400 குடியுரிமை விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். படையில் இருப்பவர்களுக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. அப்பா அம்மாவுக்கு ஒரு விஷயம்: முதல் முறை சேரும்போது மொத்தக் கடப்பாடு 8 ஆண்டு. நான்கு ஆண்டு முழுநேரப் பணி என்றால் மீதி ரிசர்வ் கணக்கில் ஓடும்.

பதில் 2:

பயிற்சி எல்லாப் படைக்கும் பொதுவாக மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் முகாமில் உள்ள டின்ஃபோஸ் என்ற பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்புப் பள்ளியில். அதற்கு முன் அடிப்படைப் பயிற்சி, மரீனில் அது 13 வாரம். அங்கே கேமரா தொடவே முடியாது.

தினசரி வேலையைக் கேட்டீர்கள். போர்க்களம் கொஞ்சம், மேடை அதிகம். பதவி உயர்வு, பணி ஓய்வு விழா, கை குலுக்கும் படம், கொடிக்கு முன் அதிகாரியின் உருவப்படம். இதை மட்டமாக நினைப்பவர்கள் சீக்கிரம் சலித்துப் போவார்கள். முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறும் சார்ஜென்ட் வீட்டுச் சுவரில் மாட்டப்போவது அந்த ஒரு படத்தைத்தான். கண் மூடிய படம் கொடுத்தால் திருப்பி எடுக்க இன்னொரு விழா கிடையாது.

களத்தில் போனால் தொழில்நுட்பம் தனி:

ஹெலிகாப்டரை 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் இறக்கைகள் உறைந்து, வானத்தில் தொங்கும் பொம்மை மாதிரி இருக்கும். 1/125 முதல் 1/250க்குள் வைத்து, ஹெலிகாப்டரோடு சேர்ந்து கேமராவைத் திருப்புங்கள். ஜெட் விமானத்துக்கு 1/1000க்கு மேல் போகலாம், சுழலும் இறக்கை அதில் வெளியே தெரியாது.

சுடும்போது துப்பாக்கி முனையில் தெறிக்கும் தீ ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். வேகமான ஷட்டரில் அது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே நழுவிவிடும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் 1/60 பக்கம் இறக்கி, தொடர்ச்சியாக எடுத்தால் மாட்டும். ஃப்ளாஷ் கூடவே கூடாது, இருள்நோக்கி (இருட்டில் பார்க்க உதவும் கருவி) மாட்டியிருப்பவரின் பார்வையை அது கெடுக்கும்.

ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஒரு தடவை திறந்தால் போதும், சென்சார் முழுக்கப் புழுதி. இரண்டு கேமரா, ஒன்றில் 24-70 மி.மீ. லென்ஸ், மற்றதில் 70-200, அவ்வளவுதான்.

விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளம் என்றால் தலைக்கவசம், கண்ணாடி, மிதவைச் சட்டை கட்டாயம். அங்கே போட்டோகிராபருக்குப் பச்சை நிற ஜெர்சி. லென்ஸ் மூடி, ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் சின்னப் பிளாஸ்டிக் தகடு, எதையும் மேலே கொண்டுபோகக் கூடாது. லென்ஸ் ஹூடை டேப் போட்டு இரண்டு சுற்று சுற்றுங்கள். விழுகிற நகம் அளவுத் துண்டை ஜெட் இன்ஜின் உறிஞ்சினால் இன்ஜினே போகும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.

ஆபத்து என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2013 ஜூலை 2 அன்று ஆப்கானிஸ்தானின் லக்மான் மாகாணத்தில் பயிற்சியின்போது மோர்ட்டார் குழாய் வெடித்ததில், படம் எடுத்துக்கொண்டிருந்த ஹில்டா கிளேட்டன் இறந்தார். படைக் கேமராப் பிரிவினருக்கான ஒரு போட்டிக்குப் பிறகு அவர் பெயரை வைத்தார்கள். பீரங்கி, மோர்ட்டார் சுடும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி காட்டும் கோட்டைத் தாண்டாதீர்கள். நல்ல கோணம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தாண்டாதீர்கள்.

பதில் 3:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எடுத்த படத்தை ஏற்காமல் திருப்பி அனுப்புவது அநேகமாகத் தலைப்புக் குறிப்பால்தான், அதாவது படத்தோடு எழுதும் கேப்ஷனால்தான். குறிப்பு இல்லாத ராணுவப் படம் ஆவணமே ஆகாது. அதனால் சேரும் முன் பழக வேண்டியது எழுத்து.

முதல் வாக்கியம் நிகழ்காலத்தில்: யார் (பதவி, முழுப் பெயர், பிரிவு), என்ன செய்கிறார், எங்கே, எந்தத் தேதி. இரண்டாவது வாக்கியம், அது ஏன் நடக்கிறது. கடைசியில் எடுத்தவர் பெயர். "வீரர்கள் கடுமையாகப் பயிற்சி செய்கிறார்கள்" என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். கடுமை என்பது உங்கள் கருத்து, படத்தில் தெரிவது அல்ல. படம் எடுத்த கையோடு பெயர்ப்பட்டையைத் தனியாக ஒரு ஃப்ரேம் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை வராது.

ஒவ்வொரு படத்துக்கும் விரின் என்ற அடையாள எண் உண்டு. உதாரணமாக 240315-என்-கேஆர்417-1003. முதலில் ஆண்டு, மாதம், நாள், அடுத்து படையின் எழுத்து, அடுத்து உங்கள் அடையாளக் குறி, கடைசியில் படத்தின் எண். கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால் தேதி தப்பு, அந்த எண்ணும் தப்பு, ஆவணக் காப்பகத்தில் படம் வேறொரு நாளில் போய் உட்காரும். நேர மண்டலம் மாறும்போதெல்லாம் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் சரிபாருங்கள்.

திருத்தம்: வெட்டலாம், நிறமும் வெளிச்சமும் அளவாகச் சரிசெய்யலாம். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பாதுகாப்புக்காக மறைத்தால் மறைத்தது பளிச்சென்று தெரிய வேண்டும். 2008 நவம்பரில் ஜெனரல் ஆன் டன்வுடியின் படத்தில் பின்னணியை மாற்றிக் கொடியை வைத்துக் கொடுத்தது தெரிந்ததும், ஏபி செய்தி நிறுவனம் பாதுகாப்புத் துறை தரும் படங்களையே சில நாள் நிறுத்திவைத்தது. ஒரு படத்தால் எல்லாருடைய படத்துக்கும் வந்த சந்தேகம் அது.

பின்னணியைப் பாருங்கள். வெள்ளைப் பலகையில் எழுதியது, கணினித் திரை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, வண்டிக் கவசத்தின் சேதம், படக்கோப்பில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் தகவல். வெளியிடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, பப்ளிக் அஃபேர்ஸ் (மக்கள் தொடர்பு) அதிகாரி வழியாகத்தான் படம் வெளியே போகும். உங்கள் சமூக வலைத்தளத்தில் முந்திப் போட்டால் வேலை போகும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. படங்களின் உரிமை யாருக்கு? சேரும் முன் நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

பதில் 1:

வாங்காதீர்கள், வேலைக்குக் கேமரா பிரிவே தரும். உரிமை உங்களுக்கு இல்லை. அமெரிக்க அரசு ஊழியர் பணியில் எடுத்த படத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது, வெளியிட்டதை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் வெளியான படத்தில் உங்கள் பெயர் இருக்கும். ராணுவப் படங்களை வெளியிடும் டிவிட்ஸ் தளத்தில் அது கிடக்கும், பிறகு வேலை தேடும்போது சுட்டியைக் காட்டலாம். குடியுரிமை வாங்கியபின் சீருடை இல்லாமலே இந்த வேலை செய்யவும் வழி உண்டு: அரசு வேலைகளுக்கான யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் 1060 என்ற தொடர் எண்ணைத் தேடுங்கள், ராணுவத் தளங்களின் சிவிலியன் போட்டோகிராபர் இடங்கள் அதில்தான் வரும்.

கையில் இருக்கும் கேமராவோடு இந்த வாரமே ஒரு தீயணைப்பு நிலையத்தில் அனுமதி கேட்டு அவர்கள் பயிற்சியை எடுங்கள். பத்துப் படம் போதும். பத்துக்கும் மேலே சொன்ன முறையில் குறிப்பு எழுதி இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறோம்.