அம்மாவுக்கு வீடியோ கால்ல டாக்டர் பாக்குறது, கோத்தகிரில யாராச்சும் வழி சொல்லுங்க

அம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்குங்க. கோயம்புத்தூர் டாக்டர வீடியோ கால்லதான் பாக்குறோம், மழை வந்தா டவர் போயிடுது, போன தடவ அம்மா கால் எரிச்சல சொல்றதுக்குள்ள கட் ஆயிடுச்சு, அன்னைக்கு பூரா அழுதாங்க. என்ன பண்ணலாம்?

பதில் 1: வீடியோ போனா சாதா போன்லயே பேசலாங்க, தூரத்துல இருந்தே டாக்டர் பாக்குறதுக்கான 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்லயே ஆடியோவுக்கும் அனுமதி இருக்கு. ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட நம்பர் குடுத்துடுங்க.

பதில் 2: நான் குன்னூர். முந்தின நாளே மாமியாரோட சுகர் அளவு, மாத்திரை அட்டை எல்லாம் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிடுவேன், அப்புறம் வீடியோ கால் வந்ததும் பெரிய தொந்தரவ முதல்ல அவங்களையே சொல்ல விடுவேன், நாம முந்திக்கக் கூடாதுங்க.

பதில் 3: கால் எரிச்சல தள்ளிப் போடாதீங்க அக்கா. சுகர் இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும், அத போன்ல பாக்க முடியாது. ஒரு தடவ நேர்லயே காட்டிடுங்க.