எஸ்.எஸ்.பி. ரெகமண்டட் ஆகிவிட்டேன், ஆனால் உள்ளங்கை வியர்க்கிறது. மெடிக்கலில் தள்ளிவிடுவார்களா?

தறிக்காரர் மகன்:

வணக்கம். வயது 23, ஊர் குடியாத்தம். ராணுவ அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதி, பெங்களூரு எஸ்.எஸ்.பி.யில் (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) மூன்றாவது தடவையில் ரெகமண்டட், அதாவது தேர்வு, ஆகியிருக்கிறேன். முதல் தடவை முதல்கட்ட வடிகட்டலான ஸ்கிரீனிங்கிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவை கடைசிக் கட்டமான கான்பரன்ஸ் வரை போய்த் திரும்பினேன். இந்தத் தடவை தேர்வானவர்களில் என் செஸ்ட் நம்பரை (நெஞ்சில் மாட்டிவிடும் எண்) கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை, பக்கத்தில் இருந்தவன்தான் முதுகில் தட்டி எழுப்பினான். மெடிக்கலுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.

பிரச்சினை என் கை. விவரம் தெரிந்த நாளிலிருந்து உள்ளங்கை வியர்க்கும். வெயில், குளிர் என்ற கணக்கே கிடையாது. அப்பா லுங்கி நெய்கிறவர். "நீ நூலைத் தொடாதடா, ஈரமாயிடும்" என்று தறிப் பக்கமே விடமாட்டார். பரீட்சை எழுதும்போது கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை போட்டுக்கொள்வது ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். எஸ்.எஸ்.பி. சைக்காலஜி தேர்விலும் அதே கதைதான். காட்டும் வார்த்தையை வைத்து வாக்கியம் எழுத வேண்டும், வார்த்தைக்கு 15 நொடி வீதம் 60 வார்த்தை ஓடும். வாக்கியத்தை யோசிப்பதா, கைக்குட்டையை நகர்த்துவதா? கிரவுண்டில் கயிறு ஏறும்போது கீழே இருந்த மண்ணை அள்ளி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு ஏறினேன். கிரவுண்டில் தேர்வு நடத்தும் அதிகாரி (ஜி.டி.ஓ.) பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மருத்துவத் தகுதி விதிகளைப் படித்துத் தொலைத்துவிட்டேன். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் எதிலாவது கணிசமான வியர்வை இருந்தால் அன்ஃபிட் என்று இருக்கிறது. படித்த நிமிடத்திலிருந்து ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை கையைத் திருப்பிப் பார்க்கிறேன். பார்த்தால் வியர்க்கிறது, வியர்த்தால் பார்க்கிறேன். அம்மா மட்டும், "நீ தூங்கும்போது தொட்டுப் பாத்தேன், காஞ்சுதான்டா இருக்குது" என்கிறார். தூங்கிக்கொண்டே மெடிக்கலுக்குப் போக முடியாதே!

இதற்காக நிராகரிக்கப்பட்டவர்கள், தப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படிவத்தில் நானாகவே எழுத வேண்டுமா? 19 நாளில் ஏதாவது செய்ய முடியுமா?

பரங்கிமலை 2.0:

நண்பா, இதற்குப் போயா? படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தினமும் கால் மணி நேரம் கையை முக்கி வை. மெடிக்கல் அன்று காலையில் பவுடர் போட்டுத் துடைத்துவிட்டுப் போ. கேட்டால் "இல்லை சார், ஏ.சி. இல்லாததால் வியர்க்குது" என்று சொல். என் ரூம்மேட் அப்படித்தான் போனான். படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. அவ்வளவுதான்.

ஓய்வு ஹவில்தார், வேலூர்:

தம்பி, ராணுவ மருத்துவப் பிரிவில் (ஏ.எம்.சி.) நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அதிகாரி தேர்வுக்கான மெடிக்கல் போர்டு நடக்கும் மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மேலே ஒரு தம்பி படிகாரம், பவுடர் என்று எழுதியிருக்கிறார். பவுடர் பூசி வந்த கையை எத்தனை பார்த்திருப்போம் தெரியுமா? கையைக் கழுவிவிட்டு வா என்பார் ஸ்பெஷலிஸ்ட். வந்ததும் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அவர் பாட்டுக்கு வேறு ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு நிமிடம் போனால் கையே சாட்சி சொல்லிவிடும். படிவத்தில் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மாட்டினால், வியர்வை போய்ப் பொய் முன்னால் வந்துவிடும். அகாடமியில் சேர்ந்த பிறகு தெரிய வந்தாலும் அதே கதிதான். பரங்கிமலை அகாடமியில் 49 வாரம் கயிறும் ரைஃபிளுமாகப் போகும், எத்தனை நாள் மறைப்பாய்?

விதியை முழுதாகப் படி. கணிசமாக இருந்தால்தான் அன்ஃபிட். லேசாக இருந்தால் ஃபிட். எது லேசு, எது கணிசம் என்பது அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் தோல் டாக்டர் முடிவு. உன் கை எந்தப் பக்கம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் நாளைக்கே ஒரு தோல் மருத்துவரிடம் போ. தைராய்டு கோளாறிலும் வியர்க்கும், ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார், செய்துவிடு. அலுமினியம் குளோரைடு லோஷன் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது காய்ந்த கையில் போட வேண்டும். உன் அம்மா சொன்னது சாதாரண விஷயம் இல்லை, தூக்கத்தில் இந்த வியர்வை நின்றுவிடும், அதனால்தான் ராத்திரி போடச் சொல்வது. தட்டில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்து, மெல்லிய மின்சாரம் விடும் சிகிச்சையும் உண்டு. டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய். போர்டில் கேட்டால் சிகிச்சை எடுப்பதையும் சேர்த்துச் சொல். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டுகிற ஆபரேஷன் இருக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கை காயும், அப்புறம் முதுகும் வயிறும் ஊற்ற ஆரம்பிக்கும். அதோடு, உடம்பில் ஆபரேஷன் தழும்பு இருந்தால் அது என்ன என்று தனியாகக் கேட்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறாயே, உயரம் எடை எழுதவில்லையே, ஏன்?

தறிக்காரர் மகன்:

நன்றி சார். தோல் டாக்டரிடம் நாளைக்கு டோக்கன் போட்டுவிட்டேன். உயரம் 170, எடை 71. எடை எப்போதும் இதே அளவுதான், தினமும் ஓடுகிறேன், அதில் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்ததா சார்?

ஓய்வு ஹவில்தார், வேலூர்:

நினைக்காதே தம்பி, அட்டவணையைப் பார். 170 சென்டிமீட்டருக்கு 20 முதல் 30 வயது வரை 66.5 கிலோதான். நீ நாலரை கிலோ மேலே இருக்கிறாய். ஓடுகிறேன் என்று சொன்னால் தராசு கேட்காது.

முடிந்துவிடாது. தற்காலிக அன்ஃபிட், நிரந்தர அன்ஃபிட் என்று இரண்டு இருக்கிறது. எதுவானாலும் எந்தக் குறை என்று எழுதிக் கொடுப்பார்கள், 42 நாளுக்குள் அப்பீல் போர்டுக்குப் போகலாம். எடை, காது மெழுகு, சொத்தைப் பல் எல்லாம் அதற்குள் சரி செய்கிற சமாச்சாரம். அப்பீலிலும் அன்ஃபிட் என்றால் ரிவ்யூ கேட்கலாம். அது உரிமை கிடையாது, மேலிடத்தில் கேஸைப் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் உண்டு.

மிளகாய் களம்:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன் தம்பி. நானும் இதே மாதிரிதான். மூக்குத் தண்டு கொஞ்சம் வளைவு, அதையே நினைத்து மூன்று மாதம் தூக்கம் இல்லை. மெடிக்கலில் மூக்கைப் பார்த்த டாக்டர் "ஓகே, நெக்ஸ்ட்" என்று அனுப்பிவிட்டார். கண்ணுக்குப் போனேன். புள்ளி புள்ளியாக வண்ணம் போட்ட புத்தகம் ஒன்றை விரித்து, உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். முதல் பக்கம் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில் எண்ணே இல்லை. "இதில் நம்பர் இல்லை சார்" என்றேன். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அது இல்லை.

சிவப்பு, பச்சை குழம்புகிற கண். எங்கள் வீட்டில் மிளகாய் வியாபாரம். களத்தில் சிவப்புக்கு நடுவே பச்சைக்காய் கிடந்தால் பொறுக்கு என்பார்கள், நான் விட்டுவிடுவேன், சோம்பேறி என்று திட்டு வாங்குவேன். அம்மாவின் அப்பாவும் அப்படித்தான் என்று பிறகு பாட்டி சொன்னார். அப்பீல் போனேன். அங்கேயும் அதே புத்தகம்தான். இப்போது கூட்டுறவு வங்கியில் இருக்கிறேன். முன்பே ஊரில் ஒரு கண் டாக்டரிடம் ஐந்து நிமிடம் காட்டியிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

கையை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீ இந்த வாரமே நிறப் புத்தகம், பல், காது மூன்றையும் உள்ளூரில் காட்டிவிடு.

தறிக்காரர் மகன்: (28 நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. மெடிக்கல் முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன்.

தைராய்டு நார்மல். லோஷன் போட்டு முதல் வாரம் கை எரிந்தது, அப்புறம் பரவாயில்லை. முழுக்க நிற்கவில்லை. அதற்காக இரண்டு தடவை தண்ணீர்த் தட்டில் கரண்ட் வைத்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த அம்மா பிள்ளையார் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கண் காட்டினேன், சரி. பல் காட்டினேன், ஒன்றை அடைத்தார்கள். காதுக்குப் போக நேரம் இல்லை. காது நன்றாகக் கேட்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அங்கே ரத்தம், யூரின், எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்று ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துக் குடித்து நிற்க முடியாமல் நின்றோம். மூன்றாவது நாள் தோல் டாக்டர், ஒரு மேடம். படிவத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். ஹவில்தார் சார் சொன்ன மாதிரியே கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி நீட்டச் சொன்னார். அந்த இரண்டு நிமிடம் நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. பிறகு அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "பேனா வழுக்குமா?" என்று கேட்டார். "வழுக்காது மேடம், பேப்பர் நனையும்" என்றேன். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. என்ன எழுதினார் என்று தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவே முடியவில்லை.

கடைசி நாள் தாளில் இரண்டு காரணம் எழுதியிருந்தது. எடை 68.4, இடது காதில் மெழுகு. செவிப்பறை தெரியவில்லையாம். இரண்டும் தற்காலிகம். கையைப் பற்றி ஒரு வரி இல்லை, தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். 42 நாள் கொடுத்திருக்கிறார்கள், அப்பீல் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வு ஹவில்தார், வேலூர்:

நல்லது தம்பி. காதில் நீயே பட்ஸ், ஹேர்பின் எதையும் விடாதே, கீறினால் அது வேறு கதை ஆகிவிடும். காது டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து எடுத்துவிடுவார். லோஷனை நிறுத்தாதே. இன்னும் இரண்டு கிலோதான். குடியாத்தத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ராத்திரி பரோட்டா சாப்பிடுகிற பழக்கம் உண்டா?

தறிக்காரர் மகன்:

உண்டு சார். இன்றோடு விட்டாச்சு.