தாத்தா வீடு, முதலியார்பேட்டை (குடும்பக் குழு)

கலா சித்தி: பரணைக் காலி செய்கிறோம், நாளைக்குப் பெயிண்டர் வருகிறார். மாமாவின் மில் டிரங்குப் பெட்டி கிடக்கிறது. இரும்புக் கடைக்காரர் வாசலில் நிற்கிறார். போடவா?

திவ்யா: வேண்டாம் சித்தி!!!

செல்வம் பெரியப்பா: உள்ளே என்ன?

கலா சித்தி: 📷 தறி நாடா ஒன்று (நெய்யும்போது நூலோடு குறுக்கே ஓடுமே, அந்தக் கட்டை), இரண்டு முனையிலும் இரும்புக் கூர். சம்பளச் சீட்டுக் கட்டு. பித்தளை டோக்கன். கரையான் தின்ற டைரி.

சரோஜா அத்தை: அப்பா டோக்கன்! தொடாதே கலா.

செல்வம் பெரியப்பா: நம்பர் தெரிகிறதா?

கலா சித்தி: 4 தெரிகிறது. மிச்சம் தேய்ந்துவிட்டது.

திவ்யா: தாத்தாவின் மில் ஏ.எப்.டி.யை (ஆங்கிலோ-ஃபிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) மியூசியம் ஆக்கப்போகிறார்களாம், ஃபார்வர்டு வந்தது. அங்கே கொடுக்கலாமே.

குமார் சித்தப்பா: மில் 2020இல் நின்றுவிட்டது. ஃபார்வர்டு மட்டும் மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது.

பிரபு (ஜெர்மனி): எல்லோருக்கும் வணக்கம். நடக்காதது இல்லை சித்தப்பா. இங்கே எஸ்ஸன் நகரத்தில் ட்சோல்ஃபெராயின் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1986இல் மூடினார்கள், 1993இல் கோக் ஆலையும் (நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற எரிபொருள் ஆக்கும் இடம்) நின்றது. இடிக்கவில்லை, மாநில அரசு இடத்தை வாங்கி வைத்துக்கொண்டது. 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நிலக்கரி கழுவிய கட்டடம்தான் இப்போது ரூர் மியூசியம், ரூர் என்பது இந்த வட்டாரத்தின் பெயர். ஆரஞ்சு நிற எஸ்கலேட்டரில் ஏறிப் போகவேண்டும். கொதிகலன் கூடத்தில் டிசைன் மியூசியம், பழைய கொதிகலன்களும் உள்ளேயே இருக்கின்றன. கோக் ஆலையில் கோடைக்கு நீச்சல் குளம், குளிர்காலத்தில் ஐஸ் ஸ்கேட்டிங்.

குமார் சித்தப்பா: நீச்சல் குளமா? ஐப்பசி மழைக்கு நம் ஏ.எப்.டி. திடலே போதுமே 😂

சரோஜா அத்தை: பிரபு சாப்பிட்டாயா? ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

பிரபு (ஜெர்மனி): இங்கே இப்போது வெயில் அத்தை.

செல்வம் பெரியப்பா: புகைபோக்கியை மட்டும் வைத்து என்ன செய்ய? 1936 ஜூலை 30இல் இதே ஊரில் சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் போனார்கள். எட்டு மணி நேர வேலை அதற்கு அப்புறம் வந்ததுதான். அதை எந்தச் சுவரில் எழுதுவார்கள்? காபி ஷாப்புக்குப் பின்னாலா?

குமார் சித்தப்பா: அப்பா வருஷா வருஷம் ஜூலை 30 மட்டும் லீவு போட்டுவிட்டு மாலை வாங்கப் போவார். என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து.

சரோஜா அத்தை: அந்தச் சைக்கிளை விற்றது யார் என்று நான் கேட்கவில்லை.

குமார் சித்தப்பா: ஆரம்பித்தாயிற்று.

கலா சித்தி: கடைக்காரர் கிளம்புகிறாராம்!

செல்வம் பெரியப்பா: பெட்டி, சாமான் எதையும் போடாதே.

கலா சித்தி: பரணை இடிக்கிறோமே, எங்கே வைக்க? உங்கள் வீட்டில் வைக்கலாமா?

செல்வம் பெரியப்பா: இங்கே அலமாரி புடவைக்கே பத்தவில்லை.

பிரபு (ஜெர்மனி): டைரியை வெயிலில் வைக்காதீர்கள் சித்தி. ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுங்கள்.

சரோஜா அத்தை: ஞாயிறு வருகிறேன். டோக்கன் எனக்கு.

குமார் சித்தப்பா: மூத்தவருக்குத்தான் முறை.

சரோஜா அத்தை: முறை பேசுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி கண்விழித்தார்களா?

செல்வம் பெரியப்பா: சரோஜா.

திவ்யா: தாத்தா எந்த செக்‌ஷன்? எழுதிவைக்கிறேன்.

செல்வம் பெரியப்பா: வீவிங், நெசவு.

சரோஜா அத்தை: ஃபோல்டிங், துணி மடிக்கிற இடம். வீவிங்கில் இருந்தது அப்பாவின் தம்பி.

குமார் சித்தப்பா: அப்பாவுக்குக் காது போனது தறிச் சத்தத்தில்தானே அக்கா?

சரோஜா அத்தை: அவருக்குக் காது கேட்டது. அம்மா பேசினால் மட்டும் கேட்காது.

திவ்யா: 😂😂 இரண்டையும் எழுதுகிறேன்.

கலா சித்தி: பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன், ஞாயிறு வரைக்கும்தான். கடைக்காரரை வெறுங்கையோடு அனுப்பவேண்டாம் என்று பழைய மிக்ஸியைப் போட்டுவிட்டேன்.

குமார் சித்தப்பா: எந்த மிக்ஸி?