என்சைமே இல்லாத அடாப்டர் புரோட்டீன் எப்படி சிக்னலை முடிவு செய்கிறது?

தரமணி மாணவி:
எம்.எஸ்சி. இம்யூனாலஜி பேப்பருக்குப் படிக்கிறேன். டி செல் (ஒரு வகை நோய் எதிர்ப்பு செல்) ரிசெப்டரைத் தூண்டியதும் வேலை செய்கிற ஸாப்-70 ஒரு கைனேஸ், அதாவது மற்ற புரோட்டீன்களில் பாஸ்பேட் ஏற்றுகிற என்சைம், சரி. ஆனால் லாட், எஸ்எல்பி-76 என்ற அடாப்டர்கள் (மற்ற புரோட்டீன்களைச் சேர்த்துப் பிடிப்பவை) இரண்டுக்கும் என்சைம் வேலையே கிடையாது, இருந்தும் எலியில் இரண்டில் எதை நீக்கினாலும் தைமஸிலேயே டி செல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஏன்? புத்தகத்தில் வெறும் அம்புக்குறிதான் போட்டிருக்கிறார்கள்.

அடையாறு அக்கா:
யார் யார் பக்கத்தில் நிற்பது என்பதை அடாப்டர்தான் தீர்மானிக்கிறதும்மா. செல் சவ்வில் இருக்கிற லாட்டின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் ஸாப்-70 பாஸ்பேட் ஏற்றியதும் 132-ஆவது இடத்தில் கால்சியத்தை ஏறவைக்கிற பிஎல்சி-காமா1 என்ற என்சைம் வந்து ஒட்டும், 171, 191-இல் கேட்ஸ் என்ற இன்னொரு அடாப்டர் ஒட்டும், கேட்ஸோடு எஸ்எல்பி-76 வரும், அது ஐடிகே என்ற கைனேஸைக் கூட்டிவரும், அந்த ஐடிகேதான் அருகில் இருக்கிற பிஎல்சி-காமா1-ஐ முடுக்கிவிடும். கால்சியம் ஏறுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதில் அருமையான விஷயம் வேகம். 132-க்கு முந்தைய இடத்தில் கிளைசின் இருக்கிறது, ஸாப்-70-க்கு அங்கே அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலம் இருந்தால்தான் வேலை சுலபம், அதனால் 132-இல் மட்டும் பாஸ்பேட் மெதுவாகத்தான் ஏறும். அந்தத் தாமதத்துக்குள் ரிசெப்டரில் பலவீனமாக ஒட்டிய சுய பெப்டைடு (உடம்பின் சொந்தப் புரோட்டீன் துண்டு) கழன்றுவிடும். அந்தக் கிளைசினை ஆஸ்பார்டேட்டாக மாற்றிய ஆய்வு 2019-இல் வந்தது: டி செல்கள் பலவீனமான லிகண்டுக்கும் (ரிசெப்டரில் ஒட்டும் பொருள்) பதில் கொடுக்க ஆரம்பித்தன. ஒரே ஒரு அமினோ அமிலம்!

கிண்டிக்காரன்:
கிருமியை விழுங்குகிற மேக்ரோஃபேஜ் செல்லிலும் அடாப்டர் சிக்னலை முடிவு செய்வதைப் பார்க்கலாம். கிருமியை உணரும் டிஎல்ஆர்4 ரிசெப்டர் செல் சவ்வில் இருக்கும்போது மைடி88 என்ற அடாப்டர் வழியாக என்எஃப்-கப்பாபி (மரபணுக்களை இயக்கும் புரோட்டீன்), அழற்சி சைட்டோகைன்கள் (செல்கள் அனுப்பும் செய்திப் புரோட்டீன்கள்). அதே ரிசெப்டர் எண்டோசோமுக்குள் (செல்லின் உள்ளே இருக்கும் சிறு பை) போனால் ட்ராம், ட்ரிஃப் என்ற வேறு அடாப்டர்கள் வழியாக ஐஆர்எஃப்3 என்ற மரபணு இயக்கும் புரோட்டீன், அப்புறம் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்-பீட்டா. தூண்டுவது இரண்டு இடத்திலும் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கிற எல்பிஎஸ்தான். பிறவியிலேயே மைடி88 இல்லாத குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ், ஸ்டாஃப் பாக்டீரியா தொற்று கடுமையாக வரும், பெரும்பாலான வைரஸ்களை மட்டும் சமாளித்துவிடுவார்கள்.

தரமணி மாணவி:
அக்கா, லாட் இல்லையென்றால் சிக்னல் சரியாக எந்த இடத்தில் நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அடையாறு அக்கா:
ஆய்வகத்தில் வளர்க்கிற ஜுர்காட் என்ற மனித டி செல்லிலிருந்து வந்த ஜே.கேம்2 என்ற வரிசையில் லாட் கிடையாது. ரிசெப்டரைத் தூண்டினால் ஸாப்-70 வரைக்கும் பாஸ்பேட் ஏறுகிறது, கால்சியம் ஏறவில்லை, ராஸ் என்ற இன்னொரு சிக்னல் வழியும் வேலை செய்யவில்லை. லாட்டைத் திரும்பக் கொடுத்ததும் இரண்டும் வந்துவிட்டன. 1998-இல் வந்த வேலை அது. பரீட்சையில் அம்புக்குறியோடு இந்தச் சோதனையையும் எழுதுங்கள்.